வெள்ளத்துல மூழ்கின வீட்டு ஒயரிங்: காய வெச்சா போதுமா, மொத்தமா மாத்தணுமா?

கேள்வியைச் சுருக்கமா சொல்லிடறேன். சென்னை மடிப்பாக்கத்துல சொந்த வீடு, கீழ ஒண்ணு மேல ஒண்ணு, 1998ல கட்டினது. கீழ் வீட்டுக்குள்ள 3 அடி தண்ணி ரெண்டு நாள் நின்னு இப்போ வடிஞ்சிருக்கு. எப்பவும் வர்ற எலக்ட்ரீஷியன் "நாலு நாள் காயட்டும் சார், அப்புறம் மெயினைப் போட்டுப் பாத்துக்கலாம்"ங்கிறார், மச்சான் "சுவரை உடைச்சு மொத்த வீட்டுக்கும் புது ஒயர் இழுத்துரு, இல்லன்னா என்னிக்காவது யாராவது போயிடுவாங்க"ங்கிறார். யார் சொல்றதைக் கேக்கறதுன்னு கேட்டிருக்கீங்க.

ரெண்டு பேர் சொல்றதும் வேணாம். எலக்ட்ரீஷியன் சொல்ற மாதிரி போட்டுப் பாக்கறது ரொம்ப தப்பு, மச்சான் சொல்ற மாதிரி மொத்த வீட்டையும் உடைக்கறது தண்டச் செலவு. வெள்ளத்துல முதல்ல கெடறது ஒயர் இல்ல, ஒயரோட முனையும் அது போய் மாட்டுற சாமானும்தான். ஜாயிண்ட், பிளக் பாயிண்ட், சுவிட்ச், எம்சிபி (ஷார்ட் ஆனா தானா விழற சுவிட்ச்), இதெல்லாம் தண்ணியைப் பாத்துருச்சுன்னா யோசிக்காம தூக்கிப் போடணும். ஒயரை டெஸ்ட் பண்ணிப் பாத்து முடிவு பண்ணணும். அந்த டெஸ்ட் கண்ணால பாக்கற டெஸ்ட்டும் இல்ல, டெஸ்டரை வெச்சு லைட் எரியுதான்னு பாக்கறதும் இல்ல. அதுக்கு மெக்கர்னு தனி மீட்டர் இருக்கு, அதைக் கீழ சொல்றேன்.

அதுக்கு முன்னாடி, கீழ் வீட்டுல இப்போ யாரும் எதையும் தொட வேணாம். "ஈபிகாரங்களே எங்க தெருவுக்கு லைன் கொடுக்கல, அப்புறம் என்ன பயம்"னு நினைப்பீங்க. 2015 டிசம்பர்லயும் சரி, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அடிச்சப்பவும் சரி, தண்ணி வடியற வரைக்கும் ஏரியா ஏரியாவா கரண்டை நிறுத்தி வெச்சிருந்தாங்க, அது நல்ல விஷயம்தான். ஆனா உங்க வீட்டு இன்வெர்ட்டருக்கு அதெல்லாம் தெரியாது. ஈபி கரண்ட் போன உடனே அது பாட்டுக்கு பேட்டரில இருந்து 230 வோல்ட்டை எடுத்து இன்வெர்ட்டர் லைன்ல விட்டுக்கிட்டே இருக்கும். மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணினா இன்வெர்ட்டர் ஆஃப் ஆகாது, தனியா அதோட சுவிட்சை ஆஃப் பண்ணி, பேட்டரி டெர்மினலையும் கழட்டணும், அதுவும் அது தண்ணில நிக்கலன்னா மட்டும். மாடில சோலார் போட்டிருந்தா அதோட ஐசொலேட்டரும், அதாவது அந்த லைனைப் பிரிக்கற சுவிட்சும், ஆஃப்ல இருக்கணும். பக்கத்து வீட்டுக்காரர் ஜெனரேட்டர்ல இருந்து நல்ல மனசோட ஒரு லைன் கொடுத்திருந்தா அதையும் புடுங்கிருங்க. மெயின் போர்டுக்குப் போற வழில இன்னும் தண்ணி நிக்குதுன்னா நீங்க போகவே கூடாது, ஈபியோட புகார் மையம் மின்னகம் 94987 94987க்கு போன் பண்ணி போஸ்ட்லயோ தெருவுல இருக்கற பில்லர் பாக்ஸ்லயோ உங்க சர்வீஸைக் கட் பண்ணச் சொல்லுங்க.

இப்போ விஷயத்துக்கு வருவோம். தண்ணி எது வரைக்கும் நின்னுச்சுன்னு சுவர்ல கோடு தெரியும், அதை ஒரு பென்சில்ல மார்க் பண்ணுங்க, ஒவ்வொரு ரூம்லயும். சுத்தம் பண்றேன் பெயிண்ட் அடிக்கறேன்னு அந்தக் கோட்டை அழிக்கறதுக்கு முன்னாடி போட்டோவும் எடுத்துக்குங்க, வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தா சர்வேயர் வந்து கேக்கற முதல் ஆதாரம் அதுதான். 2021 ஏப்ரல்ல இருந்து வந்திருக்கற பாரத் கிருஹ ரக்ஷா பாலிசில வெள்ளம் சேர்ந்தேதான் வருது, பேங்க்ல லோன் வாங்கும்போது தலையில கட்டியிருப்பாங்க, பீரோல தேடிப் பாருங்க.

அந்தக் கோடு ஏன் முக்கியம்னா, சுவருக்குள்ள இருக்கற பைப்லயும் தண்ணி அந்த மட்டத்துக்குத்தான் ஏறியிருக்கும். நம்ம ஊர்ல பெரும்பாலும் ரூஃப் காங்கிரீட்லயே பைப் போட்டு அங்கிருந்து சுவர் வழியா சுவிட்ச் போர்டுக்கு இறக்குவாங்க. அப்போ வெளியில 3 அடின்னா பைப்புக்குள்ளயும் 3 அடிதான், மேல ஸ்லாப்ல ஓடற ஒயர் காஞ்சுதான் கிடக்கும். மொத்த வீட்டையும் உடைக்க வேணாம்னு சொல்றதுக்குக் காரணமே இதான். ஆனா இதுல ரெண்டு வம்பு இருக்கு. ஒண்ணு, சுவர்ப் பூச்சு தண்ணியை உறிஞ்சி கோட்டுக்கு மேல ஒரு அடி, சில சுவர்ல அதுக்கும் மேல ஏத்திக்கும், அதனால 4 அடில இருக்கற சுவிட்ச் போர்டும் முழுசா தப்பிச்சுதுன்னு நினைக்க வேணாம். இன்னொண்ணு, பிளக் பாயிண்ட்ல இருந்து அடுத்த பிளக் பாயிண்ட்டுக்கு தரையை ஒட்டியே பைப் ஓட்டியிருப்பாங்க, டிவி பாயிண்ட்ல இருந்து ஃப்ரிட்ஜ் பாயிண்ட்டுக்கு, கட்டில் பக்கத்து பாயிண்ட்டுக்குன்னு. அந்த பைப் கிடைமட்டமா கிடக்கும், உள்ள போன தண்ணி வெளிய வர வழியே இல்ல. வெயில் எவ்வளவு அடிச்சாலும் அது காயாது, அதுவும் வடகிழக்கு பருவமழை சீசன்ல நம்ம ஊர்க் காத்துல துவைச்ச துணியே காய மாட்டேங்குது. நாலு நாள் கணக்கு இங்கதான் உதைக்குது.

இனிமே போர்டுகளைத் திறக்கணும். எல்லா கரண்டும் கட் ஆகியிருக்குன்னு உறுதி பண்ணினதுக்கு அப்புறம் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனை வெச்சு, கோட்டுக்குக் கீழயும் கோட்டுக்கு ஒண்ணரை அடி மேல வரைக்கும் இருக்கற எல்லா போர்டையும் கழட்டச் சொல்லுங்க, பக்கத்துல நின்னு பாருங்க. கழட்டும்போது கையுறை போடச் சொல்லுங்க, கரண்ட்டுக்காக மட்டும் இல்ல, வெள்ளத்துக்கு அப்புறம் பாக்ஸுக்குள்ள பூரான் இருக்கும், அது எனக்குப் பிடிக்காது. ஒரு பிளக் பாக்ஸைத் திறந்தா என்ன தெரியும்னா, அடில ஒரு விரல் கனத்துக்கு கறுப்பா சேறு படிஞ்சிருக்கும், நம்ம தெருத் தண்ணில சாக்கடையும் கலந்துதான் வருது, அதனால அது வெறும் தண்ணி இல்ல, உப்பு, சோப்பு, அசிங்கம் எல்லாம் கலந்த கரைசல், அது காஞ்சாலும் ஒரு படலமா பேஸுக்கும் (கரண்ட் வர்ற ஒயர்) எர்த்துக்கும் நடுவுல ஒட்டிக்கிட்டு இருக்கும். வெயில் நாள்ல சும்மா இருக்கும், காத்துல ஈரம் ஏறினா கரண்டைக் கடத்த ஆரம்பிக்கும். "போட்டுப் பாத்தோம், நல்லாத்தான் எரிஞ்சுது, ரெண்டு மாசம் கழிச்சு திடீர்னு போர்டு கருகிடுச்சு"ங்கற கதை எல்லாத்துக்கும் காரணம் இந்தப் படலம்தான். சாக்கெட்டுக்குப் பின்னாடி ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒயரை வெளிய எடுத்தா செம்பு பளபளன்னு இருக்காது, முனையில பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், இல்ல கறுத்திருக்கும். பல இழை ஒயர்ல தண்ணி அந்த முனை வழியா இழைகளுக்கு நடுவுல மேல ஏறிப் போகும், விளக்குத் திரில எண்ணெய் ஏறுற மாதிரி. அதனால முனையை ஒரு இஞ்ச் வெட்டிட்டு இன்சுலேஷனை உரிச்சுப் பாருங்க, இன்னும் கறுப்பா இருந்தா இன்னொரு இஞ்ச் வெட்டுங்க, நல்ல செம்பு தெரியற வரைக்கும் போங்க. அரை அடி வெட்டியும் நல்ல செம்பு வரலன்னா அந்த ஒயர் தேறாது.

சுவிட்ச், சாக்கெட், ஃபேன் ரெகுலேட்டர், காலிங் பெல், எம்சிபி, ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா கட் பண்ற சுவிட்ச்), இதெல்லாம் மூழ்கியிருந்தா கழுவி காய வெச்சு திரும்ப மாட்டவே வேணாம். அதுலயும் எம்சிபி விஷயத்துல சமரசமே கிடையாது. அதுக்குள்ள ஒரு ஸ்பிரிங், ஒரு சின்ன லீவர், ஒரு காயில், ஒரு பைமெட்டல் தகடு இருக்கு, சேறு போய் உக்காந்ததுன்னா வெளிய இருந்து பாக்க ஆன், ஆஃப் நல்லாவே விழும், ஷார்ட் ஆகும்போது மட்டும் விழாது. அது விழ வேண்டிய ஒரே நேரம் அதுதானே. ஸ்ப்ரே அடிச்சா சரியாயிடும்னு ஒரு டப்பாவை எடுத்துட்டு வருவாங்க, துருப்பிடிச்ச போல்ட்டைக் கழட்ட அது நல்ல சாமான், எம்சிபிக்குள்ள அடிக்க இல்ல. எம்சிபி எல்லாம் வரிசையா இருக்கற உங்க டிபி பாக்ஸ் அஞ்சரை அடில இருக்கறதால மூழ்கலன்னு சொன்னீங்க, நல்லதாப் போச்சு, ஆனா கீழ இருந்து அதுக்குள்ள வர்ற பைப்போட வாயைப் பாருங்க, ஈரம் இருக்கான்னு. சுவருக்குள்ள பதிச்சிருக்கற இரும்பு பாக்ஸ் துருவேற ஆரம்பிச்சிருந்தா அதையும் மாத்திடுங்க, இப்போ மாத்தலன்னா அடுத்த வருஷம் ஸ்க்ரூ திரும்பாது. ஏற்கனவே ஆளுங்க போட்டு வெச்ச டேப் சுத்தின ஜாயிண்ட் எங்கெல்லாம் மாட்டுதோ அதையெல்லாம் வெட்டிப் போட்டுட்டு கனெக்டர் போட்டு பாக்ஸுக்குள்ள வரச் சொல்லுங்க, பைப்புக்குள்ள ஜாயிண்ட் இருக்கவே கூடாது, இருக்கும், 1998ல யாரும் பாக்கல.

இப்போ மெக்கர். பாதி பேர் இதை விட்டுடறாங்க, அதனாலதான் இவ்வளவு நீட்டி எழுதறேன். மல்டிமீட்டர் அதுக்குள்ள இருக்கற சின்ன பேட்டரியோட சில வோல்ட்லதான் அளக்கும், அந்த வோல்ட்டேஜ்ல ஈர ஒயரும் நல்ல ஒயர் மாதிரி காட்டும். மெக்கர் 500 வோல்ட் டிசியை ஒயருக்குள்ள விட்டு இன்சுலேஷன் தாங்குதான்னு பாக்கும். டெஸ்ட்டுக்கு முன்னாடி எல்லா பல்பையும் கழட்டணும், ஃபேன், எல்இடி லைட்டு, எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், டிவி, மோடம், இன்வெர்ட்டர் எதுவும் லைன்ல இருக்கக் கூடாது, இருந்தா ஒண்ணு ரீடிங் பொய்யா வரும் இல்ல அந்த சாமான் செத்துப் போகும். சுவிட்சை எல்லாம் ஆன்ல வெச்சு, ஒவ்வொரு சர்க்யூட்டையும் டிபில தனியா பிரிச்சு, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல ஒரு ரீடிங், நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பிப் போற ஒயர்) எர்த்துக்கும் ஒரு ரீடிங், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் ஒரு ரீடிங் எடுக்கணும். உங்க வீடு பழசுங்கறதால லைட் பாயிண்ட்டுக்கு எர்த் ஒயரே போயிருக்காது, அப்போ பேஸ், நியூட்ரல் ரீடிங்கைத்தான் நம்பணும்.

நல்ல ஒயரிங்னா நூறு மெகா ஓம், அதுக்கும் மேலன்னு காட்டும். 1 மெகா ஓமுக்குக் கீழ வந்தா அந்த சர்க்யூட்டுக்கு கரண்ட் கொடுக்கவே கூடாது. நடுவுல 2, 3ன்னு வந்தா அது ஈரம், ஒரு வாரம் கழிச்சு திரும்ப அளங்க, ஏறிக்கிட்டே போச்சுன்னா காயுதுன்னு அர்த்தம், அங்கயே நின்னாலோ இறங்கினாலோ ஒயர் உள்ள எங்கயோ புண்ணாயிருக்கு. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல சுத்தமா பூஜ்யம் காட்டினா முதல்ல ஏதோ ஒரு பல்பைக் கழட்ட மறந்திருப்பீங்க, அதைப் பாருங்க. ஒவ்வொரு ரீடிங்கையும் தேதியோட டிபி கதவுக்குப் பின்னாடி ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டச் சொல்லுங்க. எலக்ட்ரீஷியன்கிட்ட "மெக்கர் இருக்கா அண்ணே"ன்னு கேட்டுட்டு அப்புறமா கூலி பேசுங்க. இல்லன்னு சொன்னா வேற ஆளைப் பாருங்க, ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கற சாமான்தான், ஒயரிங் வேலையே தொழிலா செய்யறவர்கிட்ட அது இல்லைன்னா என்ன சொல்றது.

"ஆர்சிசிபி போட்டிருக்கேன், அது டிரிப் ஆகலன்னா எல்லாம் சரிதானே"ன்னு இன்னொரு வாதம் வரும். கணக்குப் போட்டுப் பாருங்க. வீட்டு ஆர்சிசிபி 30 மில்லி ஆம்ப்ல டிரிப் ஆகற சாமான். ஈரச் சுவர் வழியா 20 கிலோ ஓம் லீக்கேஜ் இருக்குன்னா 230 வோல்ட்ல கிட்டத்தட்ட பதினொன்னரை மில்லி ஆம்ப்தான் ஓடும். ஆர்சிசிபி அசையாது. மெக்கர்ல அது 0.02 மெகா ஓம், அதாவது படு மோசம். ஆர்சிசிபி உயிரைக் காப்பாத்த இருக்கற கடைசி கதவு, ஒயர் நல்லா இருக்குன்னு சர்டிபிகேட் கொடுக்கற ஆபீசர் இல்ல.

சரி, எந்த ஒயரை மாத்தணும்? நீங்க சொன்னதை வெச்சு என் கருத்து இது. கீழ் வீட்டுல தரையை ஒட்டி ஓடற பிளக் பாயிண்ட் லைன் மொத்தமும் போகட்டும், டெஸ்ட் கூட வேணாம். அந்த பைப்பையே கைவிட்டுருங்க, ரெண்டு முனையையும் சிமெண்ட்ல அடைச்சுருங்க. ரூஃப்ல இருந்து இறங்கற லைன்கள்ல மூழ்கின போர்டுக்கு வர்றதை மட்டும் மேல இருக்கற ஜங்ஷன் பாக்ஸ்ல இருந்து உருவிட்டு புதுசு இழுக்கலாம், பழைய ஒயரோட வால்லயே புது ஒயரைக் கட்டி இழுத்தா பெரும்பாலும் சுவரைத் தொடாமலே வேலை முடிஞ்சுடும், இழுக்கறதுக்கு முன்னாடி பைப்புக்குள்ள புளோயர் வெச்சு ஊதி, ஒரு துணியைக் கட்டி ரெண்டு தடவை இழுத்து சேத்தை எடுத்துடணும். வெளிய வந்த பழைய ஒயரை ஒரு தடவை விரல்ல சுத்தி வளைச்சுப் பாருங்க. இன்சுலேஷன் விண்டுச்சுன்னா வெள்ளம் வராம இருந்திருந்தாலும் அந்த ஒயரோட ஆயுசு முடிஞ்சுதுன்னு அர்த்தம், அப்போ மேல் வீட்டு ஒயரையும் அதே மாதிரி ஒரு இடத்துல எடுத்து வளைச்சுப் பாத்துட்டு மச்சான் பேச்சைக் கொஞ்சம் யோசிக்கலாம். வளைச்சாலும் ரப்பர் மாதிரி நல்லா இருக்கு, மெக்கரும் நல்லா காட்டுதுன்னா லைட், ஃபேன் லைனை அப்படியே விட்டுடுங்க.

உங்க காலத்து வீட்டுல 3/20, 7/20ன்னு பழைய கணக்குல ஒயர் போட்டிருப்பாங்க, இப்போ எல்லாம் ஸ்கொயர் எம்எம் கணக்கு. லைட்டுக்கு 1.5, சாதாரண பிளக் பாயிண்ட்டுக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4, மீட்டர்ல இருந்து டிபிக்கு லோடைப் பாத்து 6 இல்ல 10. எல்லாமே செம்பு, எஃப்ஆர் (சுலபமா தீ பரவாத) ஒயர், ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 694ங்கற நம்பரும் ஒயர் மேலயே அச்சாகி இருக்கணும். வெள்ளம் வந்த அடுத்த வாரம் எல்லா கடையிலயும் கூட்டம், அந்த நேரம் பாத்து பேர் கேள்விப்படாத கம்பெனி காயில் எல்லாம் வெளிய வரும், 90 மீட்டர்னு போட்டு குறைச்சலா சுத்தியிருப்பாங்க, பாரிஸ் கார்னர்ல மொத்த விலைக் கடையா இருந்தாலும் பில் இல்லாம வாங்காதீங்க. எர்த் ஒயர் பச்சை, நியூட்ரல் கறுப்பு, இதுல மட்டும் எலக்ட்ரீஷியன் "கைல இருக்கற கலர்ல போட்டுக்கலாம் சார்"னு சொன்னா விடாதீங்க, அடுத்து வந்து திறக்கறவன் உயிர் அந்தக் கலர்ல இருக்கு.

எப்படியும் வேலை செய்யப் போறோம், ஏரியா மடிப்பாக்கம், பக்கத்துலயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம், தண்ணி திரும்ப வராதுன்னு எந்த உத்தரவாதமும் இல்ல. அதனால பழைய இடத்துலயே புது சாக்கெட்டை மாட்டாதீங்க. கீழ் வீட்டுல எந்த பிளக் பாயிண்ட்டும் நாலரை அடிக்குக் கீழ வேணாம், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாத்துக்கும் ஒயர் மேல வரைக்கும் எட்டும். டிவி பின்னாடி ஒயர் தொங்குதே, அழகா இல்லையேன்னு வீட்டுல சொல்வாங்க, ஒரு கேசிங் போட்டு மறைச்சுக்கலாம். எல்லாமே மேல இருந்து கீழ இறங்கட்டும், பக்கவாட்டுல தரையை ஒட்டி ஒண்ணுமே ஓடக் கூடாது. கீழ் வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் தனித்தனி ஆர்சிசிபி, தனித்தனி எம்சிபி வரிசை. அப்போ தண்ணி வர ஆரம்பிச்ச உடனே கீழ மட்டும் ஆஃப் பண்ணிட்டு மேல ஃபேன் ஓட தூங்கலாம். முடிஞ்சா டிபியையே மாடிப்படி பக்கமா மேல ஏத்திடுங்க, இன்வெர்ட்டர் பேட்டரியை மேல் வீட்டுக்கு.

ஆர்சிசிபி போடும்போது ஒரு தகராறு கண்டிப்பா வரும், முன்னாடியே சொல்லி வெச்சுடறேன். ஆன் பண்ணின உடனே டப்னு விழும். எலக்ட்ரீஷியன் ரெண்டு தடவை பாப்பார், மூணாவது தடவை "உங்க வீட்டுக்கு இது செட் ஆகாது சார்"னு சொல்லி பைபாஸ் பண்ணிட்டு, பாக்ஸுக்குள்ள அழகா அது உக்காந்திருக்கற மாதிரி மட்டும் வெச்சிட்டுப் போயிடுவார். விஷயம் என்னன்னா, ஆர்சிசிபி பேஸ்ல எவ்வளவு போச்சோ அவ்வளவும் அதே வழியா நியூட்ரல்ல திரும்பி வந்துச்சான்னு பாக்கற சாமான். பழைய வீட்டுல நியூட்ரல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடக்கும். மாடிப்படி லைட்டைப் பாருங்க, டூ வே சுவிட்ச், பேஸ் கீழ் வீட்டுல இருந்து வரும், நியூட்ரலை மேல் வீட்டு போர்டுல இருந்து எடுத்திருப்பாங்க, பக்கத்துல இருந்துச்சு, எடுத்தாங்க. அந்த லைட்டைப் போட்ட உடனே கீழ ஆர்சிசிபி விழும். அதே மாதிரி இன்வெர்ட்டர் லைன், பேஸ் மட்டும் இன்வெர்ட்டர்ல இருந்து, நியூட்ரல் பொதுவுல இருந்து. லீக்கேஜ் ஒண்ணுமே கிடையாது, கணக்கு இடிக்குது, அவ்வளவுதான். டிபில எல்லா நியூட்ரலையும் கழட்டி, ஒண்ணொண்ணா மாட்டி எது எந்த லைட்டை எரிய வைக்குதுன்னு பாத்து, ஒவ்வொரு ஆர்சிசிபிக்கும் தனி நியூட்ரல் லிங்க் (நியூட்ரல் ஒயரெல்லாம் சேர்ற பட்டை) வெச்சா தீர்ந்தது. பொறுமையான வேலை, அரை நாள் பிடிக்கும், அந்தக் கூலியைக் கொடுங்க. வேலை முடிஞ்ச பிறகு ஆர்சிசிபில இருக்கற டெஸ்ட் பட்டனை நீங்களே அமுக்குங்க, விழணும். இன்வெர்ட்டருக்கு அப்புறமும் ஒரு ஆர்சிசிபி தனியா வேணும், கரண்ட் கட்ல பேட்டரில ஓடும்போது முன்னாடி இருக்கறது அந்த லைனைக் கவனிக்காது. வாங்கும்போது டைப் ஏ கேட்டு வாங்குங்க, இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின் இருக்கற வீட்டுக்கு அதுதான் சரி.

எர்த்திங்கை யாரும் கேக்கலன்னாலும் நான் சொல்லுவேன். வீட்டுக்கு வெளிய எர்த் பிட் இருக்கும், தண்ணி ரெண்டு நாள் நின்னதுல அதுல போட்ட உப்பு கரைஞ்சு போயிருக்கும், கம்பியை பைப்போட மாட்டின கிளாம்ப் துருப்பிடிச்சிருக்கும். மண்ணைத் தோண்டி அந்த கிளாம்ப்பைப் பாருங்க, தேய்ச்சு சுத்தம் பண்ணி இறுக்குங்க, இல்ல புதுசா மாத்துங்க. சில வீட்டுல எர்த் பிட்டே இருக்காது, நியூட்ரலை எர்த்தோட முடிச்சுப் போட்டு வெச்சிருப்பாங்க. தெருவுல நியூட்ரல் கட் ஆச்சுன்னா ஃப்ரிட்ஜ் பாடி முழுக்க 230 வோல்ட் ஏறும், அதை விட எர்த்தே இல்லாம இருக்கலாம். அப்படி இருந்தா மத்த எல்லாத்துக்கும் முன்னாடி அதைச் சரி பண்ணுங்க.

சம்ப் மோட்டார் மூழ்கினதைப் பத்திக் கேட்டிருந்தீங்க. அது தேறும். நேரா கடைக்கு எடுத்துட்டுப் போய் பிரிச்சு, நல்ல தண்ணில கழுவி, ஓவன்ல காய வெச்சு, வார்னிஷ் போட்டு, பேரிங்கும் கெப்பாசிட்டரும் மாத்தி, மெக்கர் ரீடிங் வந்தா திரும்ப மாட்டலாம். ரீடிங் வரலன்னாதான் காயில் கட்டணும். மோட்டாரோட ஸ்டார்ட்டர் பாக்ஸைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கி மேல மாட்டுங்க. போர் மோட்டார் சப்மெர்சிபிள்னா தண்ணிக்குள்ளயே இருக்கற சாமான், அதுக்கு ஒண்ணும் ஆகாது, அதோட பேனல் போர்டுதான் போயிருக்கும். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷினை சர்வீஸ் ஆள் பாக்கற வரைக்கும் பிளக்ல சொருகாதீங்க.

மீட்டர் நனைஞ்சிருந்தா நீங்களும் தொடாதீங்க, உங்க எலக்ட்ரீஷியனையும் சீலைத் தொட விடாதீங்க, அது ஈபி சொத்து. உங்க செக்‌ஷன் ஆபீஸ்ல எழுதிக் கொடுங்க, அப்பவே மீட்டரை மேல ஏத்தறதுக்கும் சேத்து அப்ளிகேஷன் போட்டுடுங்க. வேலை செய்யற ஆள் வயர்மேன் லைசன்ஸ் இருக்கறவரா இருந்தா இந்த இடத்துல பேச்சு சுலபம்.

கடைசியா கரண்ட் போடும்போது, முதல்ல எல்லா எம்சிபியும் ஆஃப்ல இருக்க மெயினை மட்டும் போட்டு மல்டிமீட்டர்ல வோல்ட்டேஜ் பாருங்க. வெள்ளத்துக்கு அப்புறம் பில்லர் பாக்ஸ்ல நியூட்ரல் லூஸாகி, ஒரு பேஸ்ல 150ம் இன்னொரு பேஸ்ல 300ம் வர்றது நடக்கற விஷயம், அதைப் பாக்காம டிவியைப் போட்டா ஒயரிங் எவ்வளவு நல்லா பண்ணியிருந்தாலும் டிவி போயிடும். மூணு பேஸும் 220ல இருந்து 240க்குள்ள வந்தா மேல் வீட்டு லைட்ல ஆரம்பிங்க, ஒவ்வொரு எம்சிபியா, ஒண்ணு போட்டு பத்து நிமிஷம் விட்டு அடுத்தது. கீழ் வீட்டு பிளக் பாயிண்ட் லைன் கடைசி. பூச்சு இன்னும் ஈரமா இருந்தா அதை மட்டும் ஆஃப்லயே விட்டுட்டு, மேல இருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் இறக்கி, அதுவும் ஆர்சிசிபி இருக்கற லைன்ல இருந்து, பெடஸ்டல் ஃபேனைச் சுவரைப் பாத்து ஓட விடுங்க. அடுத்த வாரம் மெக்கரோட அதே ஆளை வரச் சொல்லுங்க.